அழுகண்ணியும் இளகிய மனம் கொண்ட மானும்

மலைச்சரிவிலிருந்த ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத சேற்று நிலம் ஒன்று இருந்தது. அங்கே அழுகண்ணிச் செடிகள் கூட்டமாக வளர்ந்திருந்தன. அவற்றின் சிவந்த இலைகளில் பசைத் துளிகள் பளபளக்கும். தேன் என்று எண்ணி வந்து அமரும் சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அவையே அந்தச் செடிகளுக்கு உணவு.

இளகிய மனம் கொண்ட புள்ளிமான் ஒன்று தன் குட்டியுடன் அங்கே தண்ணீர் குடிக்க வந்தது. ஒரு குட்டிப் பட்டாம்பூச்சி இலையில் சிக்கித் துடிப்பதைக் கண்டது.

"பாவம், அதை விட்டுவிடு" என்றது மான்.

"விட்டுவிட்டு நான் என்ன சாப்பிடுவது, அக்கா? இந்தச் சேற்றில் சத்து இல்லையே" என்றது அழுகண்ணி.

"நான் புல்லைத் தின்று வாழவில்லையா? யாரையும் கொல்வதில்லை."

"புல்லைக் கேட்டுப் பார்த்தீர்களா?" என்றது செடி மெதுவாக.

அது மானின் காதில் ஏறவில்லை. பட்டாம்பூச்சியின் சிறகுகள் அடங்கிப் போனதைப் பார்த்து அதன் கண்கள் கலங்கின. நேரே காட்டுப்பன்றியிடம் போனது. மண்ணைக் கிளறுவதென்றால் பன்றிக்குக் கொள்ளை ஆசை.

"அண்ணா, சேற்றின் கீழ்க்கரையை உடைத்துவிடுங்கள். தண்ணீர் வடிந்தால் அந்தக் கொலைகாரச் செடி காய்ந்துவிடும்."

"உடைத்தால் போயிற்று" என்றது பன்றி. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

சேற்றில் வாழ்ந்த தவளை இதைக் கேட்டுக் கரைக்கு வந்தது. "மானக்கா, அந்தச் செடி மட்டும் குடிக்கிற தண்ணீரா இது?"

"நீயும் பூச்சி தின்பவன்தானே. அதனால்தான் பரிந்து பேசுகிறாய்" என்றது மான்.

பொழுது சாய்வதற்குள் கரை உடைந்தது. தண்ணீர் சரிவில் ஓடி மறைந்தது. சில நாட்களில் அழுகண்ணிகள் வாடிக் கருகி மண்ணோடு மண்ணாயின. தவளை வேறு இடம் தேடிப் போய்விட்டது.

கோடை வந்தது. ஓடைகள் வற்றின. சேற்று நிலமும் வெடித்துக் கிடந்தது. மான்குட்டி வெடிப்புகளை நக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்தது.

தாய் மான் பதறிப்போய்த் தன் குளம்புகளால் மண்ணைத் தள்ளித் தள்ளிக் கரையை அடைத்தது. அதன் தவிப்பைப் பார்க்கப் பொறாமல் பன்றியும் வந்து முட்டி முட்டி மண் தள்ளியது. நல்ல வேளையாகக் கோடை மழை கொட்டியது. குட்டி தண்ணீர் குடித்து எழுந்து நின்றது.

பிறகு புல் முளைத்தது. தவளையும் திரும்பி வந்தது. அழுகண்ணி மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மான் கரையோரம் குனிந்து தேடியது.

"எங்கேயாவது ஒன்று மிஞ்சியிருக்காதா, தம்பி?" என்று தவளையிடம் கேட்டது.

"நானும் தேடிப் பார்த்துவிட்டேன், அக்கா. இந்த மலையில் இனி அது இல்லை."

மான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது.

நீதி: மற்ற உயிர்களின் வாழ்வை அறியாமல் ஓர் உயிர்மேல் காட்டும் இரக்கம் இன்னோர் உயிரை அழித்துவிடும்.