டக்கானி என்றால் என்ன

அகராதி தொகுக்கும் மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்து மூன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த தேவசகாயத்துக்கு அறுபத்தொன்று. பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சொற்களைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் துறைமுகத்து ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலாளர் குணசீலன் எழுதியிருந்தார். லூர்துசாமி என்ற தொழிலாளி எல்லோர் முன்னாலும் மேலாளரான தன்னை 'டக்கானி' என்று சொல்லிவிட்டாராம். அது வசைச்சொல்தான் என்று எழுதிக் கொடுத்தால் அவரை வேலையிலிருந்து நீக்கிவிடுவாராம்.

அகராதியில் அந்தச் சொல் இல்லை.

"நான் போய்க் கேட்டு வருகிறேன் அம்மா," என்றார் தேவசகாயம்.

மூன்று நாள் துறைமுகத்தில் அலைந்தார். வலை பின்னுகிறவர் 'ஏமாற்றுக்காரன்' என்றார். ஆட்டோக்காரர் 'கெட்டிக்காரன்' என்றார். மீன் விற்கும் அம்மா ஒருவர், 'கல்யாணமாகாத கிழவன்' என்று சொல்லிவிட்டு இவரையே மேலும் கீழும் பார்த்தார். டங்கன் என்று ஒரு துரை இருந்தாராம், ஒரே கப்பலிலிருந்து மூன்று தடவை கடலில் விழுந்தாராம், அவர் பெயர்தான் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது என்று டீக்கடைக்காரர் சத்தியம் செய்தார்.

நோட்டில் பதினொரு பொருள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் உண்மை போலவே இருந்தது. தேவசகாயத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதில் எது சரி அம்மா?"

"தெரியாது என்று யாராவது சொன்னார்களா?"

"ஒருவர்கூடச் சொல்லவில்லை."

மங்கையர்க்கரசி நோட்டைப் புரட்டினார். "கடைசிப் பொருளுக்கு மட்டும் ஆள் பெயர் இல்லையே. யார் சொன்னது?"

தேவசகாயம் தயங்கினார். "பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னிடமே கேட்டுவிட்டார். மூன்று நாள் அலைந்துவிட்டுத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. 'துருப்பிடித்த நங்கூரம்' என்றேன். அப்புறம் எனக்கே அது பிடித்துவிட்டது."

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டார். "வாருங்கள் ஐயா, கம்பெனிக்குப் போகலாம்."

கம்பெனி வாசலில் லூர்துசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைக்கப்பட்டவர், திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஐந்து நாளாக அங்கேயே காத்திருந்தார்.

"மேலாளரை ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"ஐஸ் கட்டி வழுக்கிக்கினு சாரு கால்கிட்ட வந்துச்சும்மா. ஒரு குதி குதிச்சாரு. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

"என்ன அர்த்தம்?"

"அர்த்தம் கேட்டா எனக்குத் தெரியாதும்மா. நாங்க எல்லாத்துக்கும்தான் சொல்லுவோம்."

தேவசகாயம் நோட்டைத் திறந்தார், மூடினார்.

உள்ளே குணசீலன் எழுந்து நின்று வரவேற்றார். "திட்டுற வார்த்தைதானே மேடம்?"

"நீங்கள் என்ன என்று நினைத்தீர்கள்?"

குணசீலன் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் தர்மபுரிக்காரன். வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. இவங்க பேசுறதுல பாதி புரியறதில்ல. அன்னைக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் மட்டும் நின்னுட்டிருந்தேன்."

"அவரிடமே கேட்டிருக்கலாமே?"

"மேலாளர் போய் எப்படிக் கேக்கறது?"

மங்கையர்க்கரசி வெளியே வந்து லூர்துசாமியை உள்ளே கூட்டிப்போனார். டீ வந்தது. லூர்துசாமி கையில் கிளாஸை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குணசீலன் நாற்காலியைக் காட்டினார்.

"அந்த வார்த்தைக்கு என்னய்யா அர்த்தம்?"

லூர்துசாமி கழுத்தைச் சொறிந்தார். "எப்படி சார் சொல்றது..."

பதிலுக்குக் காத்திருந்த குணசீலன், கவனமில்லாமல் சூடான டீயை ஒரு பெரிய மடக்காகக் குடித்துவிட்டார். நாக்கு வெந்துபோனது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்; சட்டையெல்லாம் டீ.

"டக்கானி," என்றார் லூர்துசாமி. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்து, அப்படியே உறைந்துபோனார்.

குணசீலன் சட்டையைப் பார்த்தார். லூர்துசாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு நிற்காது என்று தெரிந்த பிறகே லூர்துசாமியும் சிரித்தார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணி ஷிப்டுக்கு வந்துருங்க," என்றார் குணசீலன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது தேவசகாயம் பேனாவைத் திறந்தார்.

"அகராதியில் என்ன எழுதுவது அம்மா?"

"அன்றைக்கு மேலாளர் சிரிக்காததையும் இன்றைக்குச் சிரித்ததையும் ஒரே வரியில் எழுத முடிகிறதா, பாருங்கள் ஐயா."