திருமேனிப் புலவரின் தொப்பை இடித்த கம்பம்

கழிமுகப்பட்டினத்து அரசர் விக்கிரமகேதுவின் அவையில் திருமேனி என்றொரு புலவர் இருந்தார். பெயருக்கு ஏற்ற மேனி. அவர் உட்கார்ந்தால் ஆசனம் முனகும். எழுந்தால் அதுவே நிம்மதிப் பெருமூச்சு விடும். "பாட்டு என்றால் எனக்கு நாலு வரி, பந்தி என்றால் நாலு இலை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தோணிப் பந்தயத்தில் பைத்தியம்!

அந்த ஊரில் சின்னத்தோணிச் சபை என்று ஒன்று உண்டு. பாய் கட்டிய தோணிகள். எல்லாம் ஒரே தச்சர், ஒரே அளவில் செய்தவை. அடியில் கனத்த ஈயக்கட்டி இருப்பதால் எந்தக் காற்றுக்கும் கவிழாது. ஆகவே யார் வேண்டுமானாலும் ஏறலாம். கண் தெரியுமா, கால் இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். "காத்து எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார்கள்.

நடுவர் கிடையாது. தவறு செய்தவர் தானாகவே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுப் போகவேண்டும். அடுத்தவர் தவற்றைச் சுட்டிக்காட்டுவது அழகில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் இளநீரில் வாய் வைக்கக் கூடாது.

பதினொரு வருஷமாக அந்தக் கடைசி ஆள் திருமேனிதான். நா வறண்டு காத்திருந்தவர்களில் ஒருவர்கூட அவரிடம் முகம் சுளித்ததில்லை. அரண்மனையில் கிடைக்காத மரியாதை அது. அதற்காகவே வருஷம் தவறாமல் போய்த் தோற்றுவிட்டு வருவார்.

கப்பற்படைத் தளபதி சிங்கராயருக்கோ தோல்வி ஆகாது. மூன்று வருஷமாக அவரைத் தோற்கடித்தவள் நாச்சி. கயிறு திரிப்பவள், பிறவியிலேயே பார்வையில்லாதவள். காற்றைக் கன்னத்தால் அறிந்து சுக்கான் பிடிப்பாள். பாயை இழுக்கவும் வழி சொல்லவும் ஒற்றைக்கால் பேச்சிமுத்து கூட இருப்பான்.

தளபதி அரசரிடம் போனார். "மகாராஜா, கண்ணும் காலும் இல்லாதவர்கள் கடலில் இறங்குவது ஆபத்து. முழு உடம்பு உள்ளவர்களே பந்தயத்தில் சேரலாம் என்று ஆணை போடுங்கள்."

அரசர் மீசையை நீவினார். "தோற்றவர் சொல்கிறீரே, அதுதான் இடிக்கிறது. சரி, இந்த வருஷம் சுக்கானை நானே பிடிக்கிறேன். பாயை நீர் பாரும். நாச்சியை ஜெயித்தால் ஆணை. தோற்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"தோணி சாயாமல் இருக்க வலப்பக்கம் பாரத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே, மகாராஜா?"

அரசரின் பார்வை அவையில் எங்கும் அலையவில்லை. நேரே திருமேனியிடம் வந்து நின்றது.

புலவருக்கு அழுகை வந்துவிட்டது. 'அடப்பாவித் தொப்பையே! பதினொரு வருஷம் உன்னைச் சகித்துக்கொண்டவர்களை விரட்டவா நீ பயன்பட வேண்டும்?' என்று நொந்துகொண்டார்.

பந்தயம் தொடங்கியது. அரசர் முந்தினார். இரண்டு தோணி தூரத்தில் நாச்சி. நடுக்கழியில் கொடி கட்டிய கம்பம் ஒன்று இருந்தது. அதைத் தொடாமல் சுற்றித் திரும்ப வேண்டும். அரசர் ஆசையில் ஒட்டித் திருப்பினார்.

டொக்!

அரசர் வானத்தைப் பார்த்தார். தளபதி அவசரமாகச் சொன்னார்: "மீன் துள்ளியது, மகாராஜா."

"ஆமாம்... பெரிய மீன்" என்றார் அரசர்.

பின்னாலிருந்து நாச்சியின் குரல் வந்தது. "காத்து எப்படி இருக்கு, மகாராஜா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் பேச மாட்டாள். அரசரின் காது சிவந்தது. ஆனாலும் தோணி திரும்பவில்லை.

திருமேனி தவித்தார். அரசர் இடித்தார் என்று சொன்னால் தன் தலை போகும். சும்மா இருந்தால் நாச்சிக்கு இனிக் கடலே இல்லை. உடம்பில் தாராளமாக இருந்ததைப் பலி கொடுக்கத் தீர்மானித்தார்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா! அது மீன் இல்லை. என் தொப்பை! கம்பத்தில் இடித்துவிட்டது. என்னால் நீங்கள் ஒரு வட்டம் சுற்றும்படி ஆகிவிட்டதே!"

வெற்றி கைநழுவுவதைக் கண்ட தளபதி துள்ளினார். "பச்சைப் பொய்! உம்முடைய தொப்பை வலப்பக்கம் இருக்கிறது. தோணி இடித்தது இடப்பக்கம்!"

சொன்ன பிறகுதான் தளபதி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படியா?" என்றார் திருமேனி பணிவாக. "தளபதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவருக்குத்தான் இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சுக்கானைத் தள்ளி முழு வட்டம் அடித்தார். அந்தச் சுற்றலில் புலவர் காலையில் தின்ற இட்லிகளை எல்லாம் கடலுக்குத் தானம் செய்தார். நாச்சி அவர்களைத் தாண்டிப் போய் ஜெயித்தாள்.

கரையில் எல்லாத் தோணிகளும் வந்து சேர்ந்தன. "ஆணைப் பேச்சு இத்தோடு முடிந்தது!" என்று அறிவித்த அரசர், புலவர் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"பொறுங்கள், மகாராஜா. தொப்பை இடித்தது என்று பொய் சொன்னேன் இல்லையா?" என்ற திருமேனி, மணலில் தானே சுற்றத் தொடங்கினார். கால்வாசி சுற்றியதும் மூச்சு வாங்கியது. பாதியில் வேட்டி நழுவியது. முக்காலில் தடுமாறி விழுந்தார். பேச்சிமுத்து ஊன்றுகோலை நீட்டினான். அதைப் பிடித்து எழுந்து ஒருவழியாக முடித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் இளநீரில் வாய் வைக்கவும் இல்லை.

"அதுதான் சுற்றியாகிவிட்டதே. ஏன் இன்னும் குடிக்காமல் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார் அரசர்.

வேட்டியை இறுக்கிக்கொண்டே திருமேனி சொன்னார்: "கடைசி ஆள் முடிக்கும்வரை குடிக்கக் கூடாது என்பது சபை வழக்கம், மகாராஜா. பதினொரு வருஷமாக அந்தக் கடைசி ஆள் நான்தான். இன்றைக்குத்தான் எனக்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார்."

அவர் யாரையும் சுட்டிக்காட்டவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அரசர்கூடக் கையிலிருந்த இளநீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியது. மீன் துள்ளியதைக் கண்ட தளபதி சிங்கராயர், மெதுவாக வாளைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார்.