தீவாகிப்போன ஜாக்கெட்

புளுகுக்கு வரி போடும் அரசாங்கம் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் லூர்து மிக்கேல் ஒருவரிடம் வசூலித்தே தூத்துக்குடிக்கு இன்னொரு துறைமுகம் கட்டியிருக்கலாம்.

உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்த காலத்தில் அந்த வாய் முதலாளிகளைத் தூங்கவிடவில்லை. பிறகு சங்கம் மூன்றாக உடைந்தது. மூன்றும் இன்றைக்கு மூன்று முதலாளிகளோடு உட்கார்ந்து காபி குடிக்கின்றன. வாய்க்கு மட்டும் வேலை போய்விட்டது. அதனால் அது தினமும் கடற்கரைச் சாலையில் ஜெனிட்டாவின் டைவிங் கடைக்கு வந்து, சிலிண்டர் வாங்காமலே ஆழம் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கடையில்தான் சங்கரவடிவு டீச்சர் ஒரு கையில் பெரிய ஜாக்கெட்டும் மறு கையில் சிறிய ஜாக்கெட்டுமாக, எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். சாதாரண ஜாக்கெட் இல்லை. முதுகில் சிலிண்டரைத் தாங்குவது. காற்றடைத்தால் ஆளை மேலே தூக்குவது, காற்றை விட்டால் கீழே இறக்குவது. கடலுக்குள் போகிறவருக்கு அதுதான் கால், அதுதான் பிரேக்.

டீச்சர் வருடக்கணக்காகப் பவளப்பாறை பாடம் நடத்துகிறவர். பவளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. போன வாரம் முதல்முறையாக இறங்கினார். இறங்குமுன் படகோரத்தில் மிதக்கக் காற்றடைத்தார்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொண்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, மூச்சு முட்டியது, படகிலேயே திரும்ப ஏறிவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள்: “பவளம் எப்படி டீச்சர் இருந்துச்சு?” அவர் பார்த்தது ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைத்தான். “கறுப்பா இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு வரலாற்றுப் பாடத்துக்குப் போய்விட்டார்.

நாளைக் காலையில் ஒரு படகு போகிறது. அதோடு கடலைக் கலக்கும் கச்சான் காற்று தொடங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் படகு கிடையாது. அதுவரை இந்தத் தைரியம் காத்திருக்காது என்று அவருக்கே தெரியும்.

“சின்னதையே எடுங்க டீச்சர். உடம்போட ஒட்டி இருக்கணும்,” என்றாள் ஜெனிட்டா.

“ஒட்டியிருந்தா மூச்சு முட்டுமேம்மா. கொஞ்சம் லூசா இருந்தாத்தானே நல்லது? போன வாரமும் பெருசாத்தான் கேட்டு வாங்கினேன்.”

நம் ஊர்க்காரரில் யாரைத்தான் குறை சொல்வது? பள்ளிச் சீருடையிலிருந்து கல்யாணச் சட்டைவரை ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்து, உள்ளே மடித்துத் தைத்து, வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்றே வாழ்ந்த ஜாதி. டீச்சருக்கு இனி வளரும் உத்தேசம் இல்லை. ஆனாலும் கை பெரியதையே விடாமல் பிடித்திருந்தது.

மிக்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்படிச் சொல்லுங்க டீச்சர்! இறுக்கிப் பிடிக்கது முதலாளி வேலை. லூசுதான் நம்ம உரிமை. அந்தா ஆணியில தொங்குதே, அது என் ஜாக்கெட்டு. இருக்கதுலயே பெருசு. அதைப் போட்டுக்கிட்டு முயல்தீவுக்கு அங்கிட்டு எறங்கினேன் பாருங்க…”

“தொடங்கிட்டாரு,” என்றார் வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகுக்காரர் ரொசாரி.

“மேல வந்து காத்தை அடைச்சேன். அடைக்கேன், அடைக்கேன், நெறையவே மாட்டேங்கு. அவ்வளவு கொள்ளளவு! கடைசியில பாத்தா ஒரு தீவு கணக்கா விரிஞ்சு நிக்கி. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தான். ஒரு கட்சிக்காரன் கொடி நட்டான். இன்னொருத்தன் அதைவிட ஒரு அடி ஒசரமா நட்டான். பொழுது சாயுமுன்ன பிளாட்டு போட்டுப் பாதியை வித்துட்டானுவ.”

“கம்பு நட்டா ஜாக்கெட்டு ஓட்டையாவாதாவே?” என்றார் ரொசாரி.

“கட்சிக் கொடிக்கம்பு என்னைக்குவே ஆழமா எறங்கியிருக்கு?”

ரொசாரி தலையாட்டிவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பினார். டீச்சருக்குத்தான் வகுப்பறைப் பழக்கம் விடவில்லை.

“அண்ணாச்சி, ஜாக்கெட்டு தீவா இருந்தப்ப நீங்க எங்க இருந்திய?”

“அதுக்குள்ளதான். கழுத்துப் பட்டை நெத்திக்கு மேல ஏறிட்டு. கண்ணு தெரியல.”

“பெறவு சர்வேயர் வந்தது?”

“சங்கிலிச் சத்தம் கேட்டுதே டீச்சர்!”

ஜெனிட்டா சிரிப்பை அடக்கச் சிலிண்டரைத் துடைத்தாள். மிக்கேல் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டு அடுத்த படிக்கு ஏறினார்.

“வெயில் ஏற ஏற உள்ள இருந்த காத்து விரிஞ்சுது. ஜாக்கெட்டு தண்ணியை விட்டே எழும்பிட்டு. பறக்கு! திருச்செந்தூர் தாண்டி, மணப்பாடு தாண்டி. வாய்ப்பை விடலாமா? அங்கருந்தே உப்பளத்துக்காரங்களுக்குக் கூட்டம் போட்டேன். அவ்வளவு ஒசரத்துல இருந்து தொழிலாளிக்காகப் பேசின மொதத் தலைவன் நான்தான்.”

“இப்ப எல்லாத் தலைவனும் அங்கருந்துதானவே பேசுதான்,” என்றார் ரொசாரி.

“பறக்கப்ப உங்க ஒடம்பு ஜாக்கெட்டுக்குள்ளதான் இருந்துச்சா?” டீச்சர் விடவில்லை.

“ஒடம்பு எங்க இருந்துச்சு… அக்குள்ல மாட்டிக் கீழ தொங்கிக்கிட்டு வந்தேன். இடுப்பு பெல்ட்டு கழுத்துல கெடந்து மாலை மாதிரி ஆடுது. மக்களெல்லாம் எனக்கு மாலை போட்டிருக்குன்னு கும்பிடுதாங்க.”

டீச்சர் கையிலிருந்த பெரிய ஜாக்கெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். போன வாரம் இவருடைய இடுப்பு பெல்ட்டும் மார்புக்குத்தான் வந்திருந்தது. மாலை ஆவதற்குள் படகில் ஏறியதால் கும்பிட ஆளில்லை, அவ்வளவுதான்.

“பெறவு எறங்கணுமே! காத்தை வெளிய விடுத கயித்தை இழுத்தேன். விட்டுது பாருங்க ஒரு காத்து! கீழ உப்பளத்துல நின்ன தண்ணி பூரா ஒரு நிமிசத்துல வத்தி, மலை மலையா உப்பு. ஒரு வருச வெளைச்சல்!”

“தொழிலாளிக்கு நல்ல கூலி கெடைச்சிருக்குமே,” என்றாள் ஜெனிட்டா.

மிக்கேலின் முகம் ஒரு கணம் பழைய செயலாளர் முகமாயிற்று. “எங்க? உப்பு தானா வெளைஞ்சதுதானேன்னு கூலியைக் கொறைச்சுட்டானுவ.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் புளுகு மாதிரி இல்லை. கூட்டம் கலைந்துவிடுமோ என்று அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும், குரலை உயர்த்தினார்.

“மிச்சக் காத்து தெக்க போச்சு. முப்பந்தல்ல காத்தாலை எல்லாம் சுத்துதே, எதுல சுத்துதுன்னு நெனைக்கிய? என் ஜாக்கெட்டுக் காத்துலதான்! ஒரு பைசா தரல பாவிப்பயலுவ. இப்பச் சொல்லுங்க டீச்சர், எது ஒசத்தி?”

டீச்சர் பெரிய ஜாக்கெட்டைக் கொக்கியில் மாட்டினார். சிறியதைப் போட்டுக்கொண்டு ஜெனிட்டாவின் பக்கம் திரும்பி நின்றார். “அடைம்மா.”

ஜெனிட்டா பட்டைகளைச் சரிசெய்து, காற்று நிறைந்து வெளியே சீறும்வரை அடைத்தாள். “இழுத்து மூச்சு விடுங்க டீச்சர்.”

டீச்சர் இழுத்தார். நெஞ்சு விரிந்தது. இன்னொருமுறை இழுத்தார், அதுவும் போய் வந்தது. கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார், திரும்பிற்று. பிறகு ஜெனிட்டா இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினாள். ஜாக்கெட் மட்டும் தனியே கிளம்பவில்லை. டீச்சரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு கூடவே எழும்பினார்.

“நாளைக்கு இதுதான்,” என்றார் டீச்சர். வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் கடல் பார்க்கப் போகிற களை வந்தது.

மிக்கேல் எழுந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பட்டையை இழுத்தார், அசையவில்லை. அளவு எடுக்க வந்த சர்வேயரைப் போல உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன டீச்சர் இது! இதைப் போட்டுக்கிட்டுப் போனா, வந்து சொல்ல ஒரு கதையும் இருக்காதே.”

“அதுக்குத்தான் அண்ணாச்சி எடுக்கேன்,” என்றார் டீச்சர்.