ராஜாவைக் கவிழ்க்கப் பார்த்த பை

ஆனி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை. முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை ஆண்ட நெடுமகுட ராஜாவின் சபைக்கு அன்று குறை சொல்ல வந்தவர்கள் நாற்பது பேர். அவர்களில் ஒருவர் தோளில் துணிப்பை. பைக்குள் காணிக்கையாக ஒரு பலாப்பழம். அவர் குனிந்து கும்பிட்டார். பழம் உருண்டு ராஜாவின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

ராஜா ஒற்றைக் காலில் நின்றபடியே சட்டம் போட்டார். "இனி எவன் பை கொண்டுவந்தாலும் வாசலிலேயே கவிழ்த்துக் கொட்டுங்கள்!"

மறுநாளே வாசலில் ரகளை. எது பை என்று காவலர்களுக்குத் தெரியவில்லை. சுருக்குப்பையைக் கவிழ்த்தார்கள், மூட்டையை அவிழ்த்தார்கள். முட்டை கொண்டுவந்த பெண்ணின் பையைக் கவிழ்த்ததில் வாசற்படி வழுக்கியது. அந்த வழுக்கலைத் தாண்டித்தான் மந்திரி சேந்தன் சபைக்குள் வந்தார்.

"அரசே, கொட்டுவானேன்? எட்டிப் பார்த்தால் போதுமே. எது பை என்பதையும் சொல்லிவிட வேண்டும்."

அவர் முடிப்பதற்குள் ஆஸ்தான பண்டிதர் அமுதகேசரி எழுந்துவிட்டார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"இதற்கென்ன யோசனை? துணியால் ஆகி, மேலே வாய் திறந்து, இரு பக்கமும் பிடியோடு, தோளில் தொங்கி, உள்ளே எதையேனும் சுமந்து வருவது எதுவோ அது பை!"

"ஆகா!" என்றார் ராஜா. "சேந்தரே, இதில் ஓட்டை இருந்தால் காட்டும். பௌர்ணமிக்குள் காட்டாவிட்டால் உம்முடைய பதவி பண்டிதருக்கு."

"பையில் ஓட்டை விழலாம் அரசே, என் வாக்கில் விழாது" என்றார் பண்டிதர்.

சேந்தனின் பார்வை ராஜாவின் கட்டுப்போட்ட காலில் இருந்தது.

"இதை அப்படியே முத்திரை போட்டுக் காவலனிடம் கொடுத்துவிடலாமா? யாருக்காவது விலக்கு உண்டா?"

"எனக்கே கிடையாது!"

நடக்க முடியாத ராஜாவை மறுநாள் குளியலுக்குத் தூக்கிப்போனார்கள். ஒரு மூங்கில் கழி, அதில் தொட்டில்போல ஒரு துணித்தூளி, முன்னும் பின்னும் தோள் கொடுக்க இரண்டு பேர். பக்கத்தில் மந்திரியும் பண்டிதரும் நடந்தார்கள். திரும்பும்போது அரண்மனை வாசலில் காவலன் காரி தடியைக் குறுக்கே நீட்டினான்.

"டேய், நான் ராஜாடா!"

"அது உள்ளே இருக்கிற சரக்கு, மகாராஜா. நான் வெளியே பார்க்கிறேன். துணி, சரி. வாய் திறந்திருக்கு. ரெண்டு பக்கமும் பிடி. தோளில் தொங்குது. உள்ளே ஒண்ணு இருக்கு. கவிழ்த்துடுங்கப்பா."

முன்னால் சுமந்தவன் தோளை லேசாகச் சாய்த்தான்.

"உள்ளே மனிதர் இருந்தால் பையல்ல என்று சேர்த்துக்கொள்வோம்!" என்று பண்டிதர் கத்தினார்.

"அப்படியானால் பையில் ஒரு கைக்குழந்தையை உட்காரவைத்து, அடியில் கத்தியை ஒளித்துக் கொண்டுவரலாமே" என்றார் சேந்தன்.

"வாதம் அப்புறம்! சேந்தரே, நான் பையில் இல்லை என்று சீக்கிரம் சொல்லும்!"

"இது பையே இல்லை, அரசே. இதைச் சுமக்க இரண்டு ஆள் வேண்டும். பையின் வார் இரண்டும் சேர்ந்து ஒருவருடைய ஒரே தோளில் ஏறும். அவர் கை இரண்டும் சும்மா இருக்கும். சரக்கை எடுத்துவிட்டால் மடித்துக் கக்கத்தில் இடுக்கலாம். வாயைக் கட்டினால் அது மூட்டை. இழுத்துச் சுருக்கினால் சுருக்குப்பை. திறந்தே கிடப்பது தோள்பை. திறந்து கிடப்பதைக் கவிழ்க்க வேண்டியதில்லை."

காரி தடியை எடுத்தான்.

அன்றே சட்டம் மாறியது. முட்டைக்காரிக்கு அரண்மனையிலிருந்து ஒரு கூடை முட்டை போனது. ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தைச் சேந்தனுக்குப் போர்த்தினார். பிறகு பண்டிதரைப் பார்த்தார்.

"ஒரு மாதம் வாசலில் நின்று பை பாரும். எட்டிப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கும். உமக்கு அது நல்லது."

ஆடி மாதம் முதல் தேதி ராஜா நடந்தே வாசலுக்கு வந்தார். தோளில் துணிப்பை. பண்டிதர் குனிந்து எட்டிப் பார்த்தார். பலாப்பழம் இருந்தது. உள்ளே விட்டார்.