கேட்டவர் பலகை

முன்னொரு காலத்தில், பாய்மரக் கப்பல்கள் மிளகுக்காக வந்துபோன ஒரு துறைமுகத்தை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவரிடம் மிளகு வேண்டிய மட்டும் இருந்தது. வேடிக்கைதான் போதவில்லை.

ஒருநாள் பார்லோ துரை என்ற ஆங்கிலேய வணிகன் சபைக்கு வந்தான். அவன் பேசப் பேச, துபாஷி ஆளவந்தார் தமிழில் மாற்றிச் சொன்னார். குதிரை ஓடியதற்கு 'ரன்' என்றான் துரை. ஆறு பாய்ந்ததற்கும் ரன். சளி பிடித்து மூக்கு ஒழுகியதற்கும் ரன். ஊரில் தன் தம்பி கடை நடத்துகிறான் என்றபோதும் அதே ரன்.

அரசருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வீட்டில் எல்லோரும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதுபோல் அல்லவா இருக்கிறது. துபாஷியாரே, அந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள்?"

ஆளவந்தார் வாயிலிருந்த முறுக்கை அவசரமாக விழுங்கினார். நாழிகைக்கு ஒரு தரம் எதையாவது மெல்லாவிட்டால் அவருக்குக் கண் இருட்டிவிடும். "பல நூறு, மகாராஜா. நம் விகடகவி மாசிலாமணி சொன்னால் இன்னும் சுவையாக இருக்கும். அவர் அறியாத சொல் உண்டா? ஒன்று விடாமல் சபையில் சொல்லட்டும். தவறினால், குளத்தங்கரையில் அவருக்குத் தந்திருக்கும் வீட்டை எனக்குத் தர வேண்டும்."

மாசிலாமணிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது என்பது சபைக்கே தெரியும். ஆனால் அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "எட்டு நாள் தவணை," என்றார்.

அது பெரிய வீடல்ல. அதன் அடுக்களைச் சுவரில் அடுப்புக்கரியால் இழுத்த கோடுகள் நிறைய இருந்தன. மாசிலாமணி சொன்ன விகடத்துக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தால் மட்டும் அவன் மனைவி பொன்னம்மை ஒரு கோடு போடுவாள். அரசர் விழுந்து விழுந்து சிரித்த பல கதைகளுக்கு அவள் கோடு போட்டதில்லை. அவள் கண்மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சுவரில் அதன்பின் புதுக்கோடு இல்லை.

அன்று சபை கலையும்போது ஆளவந்தார் மாசிலாமணியின் பக்கத்தில் வந்தார். "அடுக்களை முழுக்கக் கரியாமே. வந்ததும் வெள்ளையடித்துவிடுவேன்."

"அடியுங்கள், துபாஷியாரே. சாப்பிட்டுவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் சுவருக்குச் சுண்ணாம்பு மிஞ்சாது."

சொல்லிவிட்டானே தவிர, அன்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் துறைமுகத்துக்குப் போனான். அரைகுறைத் தமிழ் பேசும் கிழட்டு ஆங்கிலேய மாலுமி ஒருவனோடு எட்டு நாளும் கயிற்றுக்குவியல்மேல் உட்கார்ந்தான். கிடைத்தவை பன்னிரண்டு பொருள்கள். "இன்னும்?" என்றதற்கு மாலுமி கடலுக்கு அப்பால் தன் ஊர்ப் பக்கம் கைகாட்டினான். "எல்லாம் தெரிஞ்ச ஆளு அங்கேயும் கெடையாது, ஐயா."

ஒன்பதாம் நாள் காலை சபை நிறைந்திருந்தது. மாசிலாமணி கைகூப்பினான்.

"மகாராஜா, புதிதாக ஒன்றைச் சபையில் சொல்லப்போகிறேன். அரங்கேற்ற முறைப்படி சொல்ல அனுமதி வேண்டும்."

"தந்தேன்."

"எந்த முறையானால் என்ன? நடக்கட்டும்," என்றார் ஆளவந்தார். சுங்கச்சாவடியில் வளர்ந்தவர்; அரங்கேற்றம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

தலைமைப் புலவர் ஒரு பலகையைக் கொண்டுவரச் செய்தார். "துபாஷியாரே, கேள்வி கேட்டவர் இதில் அமர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'ஏற்றேன்' என்று சொல்ல வேண்டும். 'முற்றும்' என்று நீரே சொல்லும்வரை எழக்கூடாது, உண்ணவும் கூடாது. நடுவில் எழுந்தால் தோற்றது நீர். வேலையில்லாமல் கேள்வி கேட்பவர்களுக்காக மகாராஜாவின் பாட்டனார் வைத்த விதி."

"சொல்பவருக்கு?"

"சொல்பவர் மோர் அருந்தலாம்."

ஆளவந்தார் மடியிலிருந்த பொட்டலத்தைக் காவலன் வாங்கிக்கொண்டான். மாசிலாமணி தொடங்கினான். முதல் பொருள் ஓடுதல். குதிரை ஓடுவது எப்படி, ஆடு ஓடுவது எப்படி, கடன்காரனைக் கண்டவன் ஓடுவது எப்படி என்று ஒவ்வொன்றையும் சபையைச் சுற்றி ஓடிக் காட்டினான். ஆற்றை மலையில் பிறக்க வைத்து, ஊர் ஊராக அழைத்துவந்து, கடலில் சேர்க்க ஒரு நாழிகை ஆயிற்று. இடையிடையே மோர் குடித்தான்.

"ஏற்றேன், ஏற்றேன். அடுத்தது."

உச்சிவேளையில் நான்காம் பொருள் நடந்துகொண்டிருந்தது. அரசர் போய் உண்டுவிட்டு வந்தார்; அவர் கையில் நெய் மணத்தது. சமையற்கட்டிலிருந்து வாழைக்காய் வறுக்கும் வாசனை வந்தது. ஆளவந்தாரின் மூக்கு அந்தப் பக்கமே திரும்பி நின்றது.

"துபாஷியார் வேறெங்கோ கேட்கிறாரே," என்றான் மாசிலாமணி. "நான்காவதை முதலிலிருந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம். ஏற்றேன்."

வெயில் சாய்ந்தது. சாயம் போன புடவை, கரைதட்டிய கப்பல், உருகி வழியும் மெழுகு என்று பதினொன்று முடிந்தது. மாசிலாமணியிடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முடிந்தால் வீடு போயிற்று. அவன் நிதானமாக ஒரு வாய் மோர் குடித்தான்.

"இன்னும் எவ்வளவு இருக்கிறது?" ஆளவந்தாரின் குரல் உள்ளே போயிருந்தது.

"பல நூறு என்று தாங்கள்தானே சொன்னீர்கள்? இன்றைக்குப் பதினொன்று. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம். துபாஷியாரை அந்தப் பலகையிலேயே கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மகாராஜா."

ஆளவந்தார் பலகையைப் பார்த்தார். சமையற்கட்டைப் பார்த்தார்.

"முற்றும்," என்றார்.

அரசர் முன்னால் சாய்ந்தார். "முற்றுமா? பல நூறு என்றீரே."

"வாய்தவறிச் சொல்லிவிட்டேன், மகாராஜா. மொத்தமே பதினொன்றுதான். எல்லாவற்றையும் விகடகவி சொல்லிவிட்டார். ஒன்றும் பாக்கியில்லை. நான் எழுந்திருக்கலாமா?"

இலை போட்டார்கள். அவர் மூன்றாம் சோற்றில் இருக்கும்போது, பார்லோ துரை விடைபெற வந்து ஏதோ சொன்னான். அதில் ஒரு ரன் கேட்டது. அரசர் துபாஷியைப் பார்த்தார். "அது பதினொன்றில் எது?" ஆளவந்தார் வாய் நிறையச் சோற்றோடு, இல்லை, அப்படி ஒரு சொல்லே காதில் விழவில்லை என்று தலையை ஆட்டினார்.

அரசர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்தது. "மாசிலாமணி, வீடு உனக்கே. தலைமுறைக்கும் உனக்கே. இன்னும் என்ன வேண்டும், கேள்."

"அரண்மனை அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு, மகாராஜா."

"பொன் கேட்பாய் என்று பார்த்தேன். கரி எதற்கு?"

"வீட்டில் ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. இன்றைக்கு அவள் நிச்சயம் சிரித்திருப்பாள்."

அரசர் மறுபடி சிரித்தார். பிறகு தம் பட்டுச் சால்வையை எடுத்து, கரித்துண்டைத் தம் கையாலேயே அதில் முடிந்து கொடுத்தார்.