ஏழு படி ஈரல்பாசி

மாசிலாமணிக்கு உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மடத்துக் கூடத்தில் மற்ற சீடர்களோடு கண்ணை மூடி உட்கார வேண்டும். பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக விசில் ஊதிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு மலையேறி வந்துவிட்டார்.

குரு தையல்நாயகி அவர் மகளைவிட இளையவர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சுனைப் படி வழுக்குது, ஐயா. அந்தப் பாசி போனதும் வந்து உட்காருங்க."

அப்போது இரண்டு படியில்தான் இருந்தது. குளத்துப் பாசி இல்லை, ஈரல்பாசி. ஈரல் துண்டைத் தட்டி ஒட்டினாற்போல் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். அதன் முதுகில் மிளகு அளவுக்குக் கிண்ணங்கள். கிண்ணத்துக்குள் விதைபோலப் பச்சைத் துணுக்குகள்.

மாசிலாமணி விடிந்ததும் ஓடுவார். சுனையிலிருந்து மேலே சமையல்கட்டுத் தொட்டிக்குக் கைக்கொரு குடமாகப் பத்து நடை. தொட்டி நிறைந்ததும் கம்பி பிரஷ். கல்லே தேய்கிற அளவுக்குத் தேய்ப்பார்.

பத்து மாதமாயிற்று. பாசி ஏழாம் படிக்கு ஏறிவிட்டது. நேற்று பால்காரர் வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார்.

இன்று மாசிலாமணி பிரஷை வீசிவிட்டு நேரே குருவிடம் போனார்.

"தாயே, நான் தேய்க்கத் தேய்க்க அது மேல ஏறுது. யாரோ வேணும்னே வளர்க்கறாங்க!"

"அப்படியா? ஆளைப் பிடிச்சுடுவோம், வாங்க."

குரு சுனைக்கு இறங்கினார். இரண்டு குடத்தையும் விளிம்பு வரை மொண்டார். புடவையை இழுத்துச் செருகினார். வாயைக் கோணிக்கொண்டார். அடுத்த நொடி அவர் தொண்டையிலிருந்து மாசிலாமணி வந்தார்.

"ஏய், எடு எடு! ஆறு பத்து வண்டியை எடு! பின்னாடி வண்டி நிக்குதுல்ல? ரைட், ரைட்!"

தடதடவென்று படியேறினார். அதே கூன், அதே இரைப்பு, நடுவில் அதே செருமல். குடங்கள் சளக் சளக்கென்று படிக்குப் படி கொட்டின.

"நான் இப்படியா கத்துறேன்?" என்றார் மாசிலாமணி.

"இல்லண்ணே, இது கம்மி" என்றாள் மேலே நின்ற சமையல்கார அஞ்சலை.

மாசிலாமணி ஏழாம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடத்திலிருந்து தெறித்த சொட்டு ஒன்று அங்கே ஒரு கிண்ணத்தில் நேராக விழுந்தது. உள்ளேயிருந்த பச்சைத் துணுக்கு துள்ளி, எட்டாம் படியில் போய் ஒட்டிக்கொண்டது.

மாசிலாமணி குந்தி அதைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். படி முழுக்க ஈரம். மேலே சமையல்கட்டு வரைக்கும் ஈரம்.

எழுந்து நின்றார். உடனே கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"சரி தாயே, இனிமே சொட்டு சிந்தாது. எத்தனை நாள்ல காயும்? பத்து நாள்? பதினைஞ்சு? தோராயமா ஒரு தேதி சொன்னீங்கன்னா..."

குரு குடங்களை இறக்கி வைத்தார். முப்பத்தோரு வருஷமாகப் பயணிகளுக்கு மாசிலாமணி சொன்ன பதிலை, அவர் குரலிலேயே சொன்னார்.

"வண்டி வந்தாத்தான் தெரியும். அப்படி ஓரமா உட்காருங்க."