பீரோ சந்துக்கு ஒரு மதர்போர்டு

ஒரு ஊர்ல ஒரு சந்து இருந்துச்சாம். தெருச் சந்து இல்ல பாப்பு. பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல விளக்கமாறு ஒளிச்சு வைப்போமே, அந்தச் சந்து. ம் கொட்டு.

"ம்."

அந்தச் சந்து இருந்த வீடு விருதுநகர்ல இருந்துச்சு. ரெண்டு ரூமும் ஒரு ஹாலும். ஒரு ரூம்ல பெரியப்பாவும் பெரியம்மாவும். இன்னொரு ரூம் அவங்க பையன் சேதுவுக்கு. மிச்சம் இருந்த ஹால்ல வெயிலாட்சின்னு ஒரு பொண்ணும் அவ அம்மாவும் படுத்துப்பாங்க. அவ அப்பா லாரி ஓட்டுறவரு. வடக்க போனா வர நாளாகும். வீடு அவ பெரியப்பாவோடது. அதனால வீட்டுல பேச்சும் பெரியப்பாவோடதுதான்.

வெயிலாட்சி நல்லாப் படம் வரைவா. கம்ப்யூட்டர்லதான். காலேஜ்ல படிச்சதே அதுதான். அப்போ சிவகாசியில காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்காரரு அவ வரைஞ்ச முருகனப் பாத்துட்டு, "சொந்தமா ஒரு மெஷின் வச்சிருந்தா வேலை தாரேன்"னு சொல்லிட்டாரு. ஆடி பொறக்குறதுக்குள்ள இருக்கணும், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்னும் சொல்லிட்டாரு.

"லேப்டாப் வாங்கலாம்ல சித்தி?"

கேட்பேன்னு தெரியும். அவகிட்ட காலேஜ் லேப்டாப் ஒண்ணு இருந்துச்சு பாப்பு. சேது அண்ணன் ரெண்டு நாளைக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு. ரெண்டு வருஷமா வரல. தூக்கிட்டுப் போக முடியிற எதுவும் அந்த வீட்டுல அவளுக்குத் தங்காது. அதனால அவளுக்கு ஒரு இடத்துல நிக்கிற கம்ப்யூட்டர்தான் வேணும்.

அப்புறம் அவ பெரியப்பாகிட்டப் போய் கேட்டா. பெரியப்பா டிவியில இருந்து கண்ண எடுக்கல. வாங்கிக்கோன்னாரு. ஆனா இந்த வீட்டுல எதையும் நகத்தக்கூடாதுன்னாரு. கட்டில் நகராது, டிவி நகராது, பீரோ நகராது. அப்புறம் சிரிச்சுக்கிட்டே பீரோ பக்கம் கையக் காட்டுனாரு. "அந்தச் சந்துல நுழைஞ்சா வச்சுக்க. நுழையலன்னா சேது ரூம்ல மேசை இருக்கு, அங்க போயிடும்."

சேது ரூமுக்குப் போனா என்னாகும்?

"லேப்டாப் மாதிரி ஆயிடும்."

ஆங். அதான். அப்போ வெயிலாட்சி என்ன பண்ணா, விளக்கமாத்த எடுத்துட்டு அந்தச் சந்துக்குள்ள கைய விட்டா. கட்டைவிரல் பீரோவுல இடிச்சுது, சுண்டுவிரல் சுவத்துல இடிச்சுது. ஒரு சாண். அவ சாண், அதுவும் குட்டிச் சாண். சரின்னு கைய எடுத்துக்கிட்டா.

அவ காலேஜ் லேப்ல பழசக் கழிச்சுப் போட்டப்போ ஒல்லியா ஒரு தகரப் பெட்டி வாங்கிட்டு வந்தா. அத நிமுத்தி வச்சா சந்துல சரக்குனு போச்சு. அவ கூட்டாளி பெனாசிர் புதுசு மாத்தும்போது, தன்னோட பழைய புராசசரையும் மெமரியையும் கொடுத்தா. புராசசர்தான் கம்ப்யூட்டரோட மூளை. பிஸ்கட் மாதிரி இருக்கும், அடியில எறும்புக்கால் மாதிரி பொடிப் பொடியா கால் இருக்கும். பழைய திரையும் கீபோர்டும் லேப்லயே கிடைச்சுது, திரைய சுவத்துல மாட்டிக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான் இல்ல. பெட்டிக்குள்ள இருந்த மதர்போர்டு கருகிப் போயிருந்துச்சு.

மதர்போர்டுன்னா பலகை மாதிரி. மூளை, மெமரி எல்லாம் அதுமேலதான் உக்காரும். பெட்டிக்குள்ளயும் பலகைக்கு ஒரு சாண் இடம்தான், அதனால அது அவ சாணுக்குள்ள அடங்கணும். அந்த எறும்புக்கால் உக்கார அதுல ஓட்டை இருக்கணும். அவ கைக்காசுக்குள்ளயும் வரணும். இந்த மூணும் ஒண்ணாச் சேந்து கிடைக்கிறது இருக்கே, அதுதான் கஷ்டம். தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்புறம் அவளும் அவ அம்மாவும் மூளையையும் மெமரியையும் ஒரு கூடையில வச்சுக்கிட்டு பஸ் ஏறி மதுரைக்குப் போனாங்க. கம்ப்யூட்டர் கடையா இருக்கிற தெரு. மொதக் கடை பெரிய கண்ணாடிக் கடை. உள்ள போனா குளுகுளுன்னு இருக்கு. அந்தக் கடைக்காரரு வெயிலாட்சியப் பாக்கவே இல்ல. அவ அம்மாகிட்ட, பையனுக்காம்மா எடுக்குறீங்கன்னாரு. இல்லய்யா, இவளுக்குன்னா அம்மா. அப்படியான்னுட்டு ஒரு பலகைய எடுத்து வச்சு சுவிட்சப் போட்டாரு. ஜிகு ஜிகு ஜிகுன்னு செவப்பு, பச்சை, நீலம். தேர் மாதிரி இருந்துச்சு. விலையும் பரவால்ல. வெயிலாட்சி அதுமேல கைய விரிச்சு வச்சா. அவ சாண் பாதியிலயே நின்னு போச்சு.

சின்னது இல்லையான்னு கேட்டா. இருக்கு, ஆனா சின்னதுக்கு விலை கூடன்னாரு. அம்மாவுக்கு ஆச்சரியமாப் போச்சு. சட்டையில சின்ன சைசுக்குக் கம்மியாத்தான வாங்குவாங்க, இதுல என்ன தலைகீழா இருக்குன்னு கேட்டா. அது அப்படித்தாம்மான்னாரு. அந்தச் சின்னதோட விலையக் கேட்டதும் அம்மா பர்ச மூடிட்டா. அப்போ அவரு நல்ல யோசனை சொல்றாப்புல, இந்தப் பெருசையே எடுத்துக்கங்க, வீட்டுல எதையாவது கொஞ்சம் நகத்தி வச்சா இடம் வந்துரப் போகுதுன்னாரு.

"எங்க வீட்டுல எதுவும் நகராது"ன்னு சொல்லிட்டு வெயிலாட்சி படியிறங்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது கடை. அங்க சின்னப் பலகை இருந்துச்சு. கைய விரிச்சு வச்சா அச்சா சாணுக்குள்ள நிக்குது. விலையும் கைக்காசுக்குள்ள. அம்மா சிரிச்சுட்டா. சீக்கிரம் சொல்லுங்கம்மா, இன்னொருத்தர் கேட்டுருக்காருன்னு கடைக்காரன் அவசரப்படுத்துறான். வெயிலாட்சி அவசரப்படல. மூளை உக்கார்ற இடத்தோட மூடியத் தொறந்து பாக்கணும்னா. அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. தொறந்தா, அங்க ஓட்டையே இல்ல பாப்பு. பலகையிலயே பொடிப் பொடியா முள்ளு நிக்குது. இவ மூளைக்குக் கால் இருக்கு, அந்தப் பலகையிலயும் கால் இருக்கு. எப்படி உக்காரும்?

"குத்தும்."

குத்தும். இது என் புராசசருக்குச் சேராதுன்னா. அதனால என்ன, ஒன்னோடத என்கிட்ட கொடு, பழைய விலைக்கு எடுத்துக்குறேன், வேற ஒண்ணு புதுசா வாங்கிக்கன்னான். அவ வேண்டாம்னா. அவனுக்கு எரிச்சலாப் போச்சு. இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்குப் புரியாது, அண்ணன் இருந்தா வரச்சொல்லுன்னான்.

வெயிலாட்சி நாலு பேர் இருந்தா வாயே தொறக்க மாட்டா. அன்னைக்கு அந்த மூடிய மெதுவா மூடி, பலகைய அவன் பக்கம் தள்ளி வச்சா. "அண்ணனுக்கு இல்ல. எனக்கு."

அப்புறம் வெயில் ஏறிப்போச்சு. அம்மாவுக்குக் கால் வலி. வா, ஊருக்குப் போவோம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்ங்கிறா. அப்போ ஒரு மாடிப்படி தெரிஞ்சுது. ஒரு ஆள்தான் ஏறலாம். மேல ஒரு ரிப்பேர் கடை. அருணாசலம் அண்ணாச்சின்னு ஒருத்தர், மூக்கு நுனியில கண்ணாடி, டக் டக்குன்னு எதையோ தட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வெயிலாட்சி தனக்கு என்ன வேணும்னு சொன்னா. இல்லம்மான்னாரு தலையத் தூக்காமலே.

ஆனா அவ அலமாரியில ஒண்ணப் பாத்துட்டா. சின்னப் பலகை. கைய விரிச்சா சாணுக்குள்ள நிக்குது. மூளை உக்கார்ற இடத்துல ஓட்டை இருக்கு, எறும்புக்காலுக்கு ஏத்த ஓட்டை. அண்ணாச்சி, இதுன்னா. அது செத்துப்போச்சும்மான்னாரு. புதுசு, பூஜைக்கு மொத நாள்கூட ஓடுச்சு. விடுமுறை முடிஞ்சு வந்து போட்டா உசுர் இல்ல. அழகுக்கு வச்சிருக்கேன்னாரு.

எந்தப் பூஜைன்னு கேட்டா வெயிலாட்சி. போன வருச ஆயுத பூஜைதான்னாரு.

அப்போதான் அவ அந்தக் கடைய ஒரு சுத்து பாத்தா. கத்திரிக்கோல்ல குங்குமப் பொட்டு. ஸ்குரூ டிரைவர்ல பொட்டு. மேசையில, டிராயர்ல, மின்விசிறி சுவிட்சுல பொட்டு. அண்ணாச்சி எதையும் விடல. அவ பலகைய வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா. மெமரி சொருகுற நீளமான பள்ளம் இருக்குல்ல, அதோட ஓரத்துல மூணு பொட்டு. சந்தனத்தத் தண்ணியாக் கரைச்சு வச்சிருக்காரு. அது வழிஞ்சு பள்ளத்துக்குள்ள இறங்கிக் காஞ்சு, மேல குங்குமம் அப்பிக்கிட்டு கிடக்கு.

"சந்தனம் உள்ள போயிருக்கு அண்ணாச்சி."

அவரு சிரிச்சாரு. சாமிக்கு வச்சதாலயா கெடும்னாரு. சரி, வேணும்னா எடுத்துக்க, செத்த விலைதான், ஆனா மொதல்ல காசு. வேலை செய்யலன்னு வந்து நிக்கக்கூடாது, திருப்பித் தரமாட்டேன்னு கறாராச் சொல்லிட்டாரு. அம்மா வெயிலாட்சியப் பாத்தா. வெயிலாட்சி தலையாட்டுனா. அம்மா கொடுத்துட்டா. ம்?

"ம். அப்புறம்?"

அப்புறம் ஒரு புது பல் பிரஷும், அந்தக் கடையில தொடைக்க வச்சிருக்கிற ஸ்பிரிட்டும் கேட்டா. பிரஷ எடுத்து பலகைகிட்ட கொண்டு போறா, அம்மா சட்டுனு கையப் புடிச்சுக்கிட்டா. "குங்குமத்த அழிக்காதடி. உங்கப்பா ரோட்டுல இருக்காரு."

அந்த வீட்டுல குங்குமம் கீழ கொட்டுனாக்கூட அம்மா அன்னைக்கெல்லாம் சாப்பிட மாட்டா. அப்பா போன் வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா. வெயிலாட்சிக்கு அது தெரியும். அதனால அவ கத்தல. பிரஷக் கீழ வச்சுட்டு மெதுவாச் சொன்னா. "அப்பா லாரிக்கும்தானம்மா பொட்டு வைக்கிறோம். மொத மழையிலயே அழிஞ்சுருது. வண்டி ஓடத்தான செய்யுது."

அம்மா கைய விட்டுட்டா. விட்டுட்டு மூஞ்சியச் சன்னல் பக்கம் திருப்பிக்கிட்டா.

கிர்க் கிர்க் கிர்க். வெயிலாட்சி தேய்க்கிறா. உஃப், உஃப்புன்னு ஊதுறா. காய விட்டு, மூளைய உக்கார வச்சு, மெமரியச் சொருகி, கடைத் திரையில மாட்டி சுவிட்சப் போட்டா. ஃபேன் உர்ர்ருனு சுத்துச்சு, டப்புனு நின்னுருச்சு. அண்ணாச்சி, நான் சொன்னேன்லன்னாரு. மறுபடியும் கழட்டி கிர்க் கிர்க். மறுபடியும் போட்டா பீப், பீப், பீப்புன்னு கத்துது, திரையில ஒண்ணும் இல்ல. கத்துனா உசுர் இருக்குன்னு அர்த்தம் பாப்பு. அவ விடல. பள்ளத்தோட மூலையில ஒரு துளி செவப்பு. ஒரே துளி. அதையும் எடுத்தா. அப்புறம் போட்டா.

பீப்.

ஒண்ணே ஒண்ணு. திரையில பளிச்சுனு எழுத்து வந்துச்சு.

அம்மா திரும்பிப் பாத்தா. அண்ணாச்சியும் எந்திரிச்சு வந்து பாத்தாரு. பாத்துட்டு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, உசுரோட இருக்குன்னா விலை வேறம்மா, செத்த விலைக்கு எப்படித் தர்றதுன்னு இழுத்தாரு. அப்போ அம்மா சன்னல்கிட்ட இருந்து வந்தா.

"ஓடலன்னா திருப்பித் தரமாட்டேன்னு சொன்னீங்கல்ல அண்ணாச்சி? ஓடுனாலும் அந்தப் பேச்சுதான்."

சொல்லிட்டு பலகையக் கூடைக்குள்ள வச்சுக்கிட்டா. அண்ணாச்சி வாயத் தொறந்தாரு, அப்புறம் சிரிச்சுட்டாரு. பிரஷையும் கொண்டு போங்கன்னாரு.

வீட்டுக்கு வந்து பலகையப் பெட்டியில முடுக்கி, பெட்டியச் சந்துல விட்டா. சரக். போய் நின்னுக்கிச்சு. பெரியப்பா எந்திரிச்சு வந்து குனிஞ்சு பாத்தாரு, பீரோவத் தொட்டுப் பாத்தாரு. பீரோ இருந்த இடத்துலயேதான் இருக்கு. ம்ம்னுட்டுப் போய் உக்காந்துட்டாரு.

அப்போ சேது அண்ணன் வந்துச்சு. பெட்டிய அசைச்சுப் பாத்துச்சு, அது எங்கயும் போறாப்புல இல்ல. சரின்னு கீபோர்ட மடியில எடுத்து வச்சுக்கிட்டு ஜம்முன்னு உக்காந்துருச்சு. திரை பாஸ்வேர்ட் கேட்டுச்சு.

என்னன்னு கேட்டுச்சு அண்ணன். வெயிலாட்சி பக்கத்துல நின்னா. அண்ணன் மறுபடியும் கேட்டுச்சு. பெரியப்பா அங்க இருந்தே, சொல்லேன் தாயி, ஒரே வீட்டுக்குள்ள என்ன ரகசியம்னாரு.

"சொல்ல மாட்டேன்"ன்னா வெயிலாட்சி.

டிவி கத்திக்கிட்டே இருக்கு. அண்ணன் மடியில இருந்த கீபோர்ட அவ எடுத்து, தரையில சம்மணம் போட்டு உக்காந்து, தன் மடியில வச்சுக்கிட்டா. அண்ணனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு டக் டக் டக்குனு அடிச்சா. திரை தொறந்துச்சு. வெள்ளையா ஒரு பக்கம். அவ மவுசப் புடிச்சு கோடு போட ஆரம்பிச்சுட்டா. கோடு நேரா வந்துச்சு. பெரியப்பா தொண்டையச் செருமுனாரு. என்னவோ சொல்லப் போறாரு.

அதுக்குள்ள அடுப்படியில இருந்து அம்மா வெளிய வந்தா. பெரியப்பா முன்னாடி வந்து நின்னு பேசுனதே இல்ல பாப்பு அவ. எதுன்னாலும் கதவுக்குப் பின்னாடி நின்னு பெரியம்மாகிட்ட சொல்லி அனுப்புவா. அன்னைக்கு ஈரக் கையச் சேலையில தொடைச்சுக்கிட்டு நேரா வந்து நின்னா.

"அத்தான், டிவியக் கொஞ்சம் கொறச்சு வைங்க. அவ வேலை பாக்குறா."

பெரியப்பா அவளப் பாத்தாரு. சேதுவப் பாத்தாரு. அப்புறம் ரிமோட்டத் தேடுனாரு.

அவ்வளவுதான் பாப்பு. பெட்டி உர்ர்ருனு ஓடுது, வெயிலாட்சி வரையிறா. கதை கரை சேந்துருச்சு, நீ கண்ண மூடு.

"சித்தி..."

என்ன?

"பாஸ்வேர்ட் என்ன?"

அண்ணனுக்கே சொல்லல அவ. தூங்குடி.